4, 6, 8: லேப்டாப் கிராபிக்ஸ் மெமரியில் எந்த எண்ணை நம்புவது?

பிளஸ் டூ ரிசல்ட் வந்து கவுன்சலிங் முடிந்ததும் சேலத்தில் லேப்டாப் வேட்டை தொடங்கிவிடும். ஐந்து ரோட்டில் ஒரு கடை, நான்கு ரோட்டில் ஒரு கடை என்று ஏறி இறங்கும்போது காதில் விழும் வசனம் பெரும்பாலும் ஒன்றுதான்: "தம்பி, இதுல 12 ஜிபி கிராபிக்ஸ் இருக்குது, எந்த கேம் போட்டாலும் ஓடும்." அப்பாவுக்கு நம்பிக்கை வந்துவிடும், பையனுக்கு அதைவிட. வீட்டில் திறந்து பார்த்தால் கிராபிக்ஸ் கார்டில் இருப்பது 4 ஜிபி. மீதி 8 ஜிபி, தேவைப்பட்டால் சாதாரண ரேமிலிருந்து கடன் வாங்கிக்கொள்ளலாம் என்று விண்டோஸ் போட்டு வைத்திருக்கும் கணக்கு.

கடைக்காரரைத் திட்டிப் பயனில்லை. திரையில் தெரிந்த எண்ணைத்தான் அவர் படித்துச் சொல்லியிருக்கிறார். விண்டோஸ், மொத்த ரேமில் ஏறக்குறைய பாதியை 'ஷேர்டு' என்று எழுதிவைக்கும். 16 ஜிபி ரேம் உள்ள மெஷினில் அது 8 ஜிபி. கார்டின் சொந்த 4 ஜிபியோடு கூட்டினால் 12. அதே மெஷினில் ரேமை 32 ஆக்கினால் 'கிராபிக்ஸ்' 20 ஜிபி ஆகிவிடும். கேமுக்கு இதனால் துளி வேகமும் கூடாது.

நம்ப வேண்டிய எண் 'டெடிகேட்டட்' என்று போட்டிருப்பது மட்டுமே. அதைப் பார்க்க இரண்டு நிமிடம் போதும், கடையிலேயே பார்த்துவிடலாம். டெஸ்க்டாப்பில் ரைட் கிளிக் செய்து என்விடியா கண்ட்ரோல் பேனலைத் திறந்து, இடது பக்கம் கீழே இருக்கும் சிஸ்டம் இன்ஃபர்மேஷனை அழுத்துங்கள். டெடிகேட்டட் வீடியோ மெமரி, மெமரி இன்டர்ஃபேஸ், மெமரி பேண்ட்விட்த், மேக்சிமம் கிராபிக்ஸ் பவர் என்ற நான்கு வரிகளையும் போனில் படம் எடுத்துக்கொள்ளுங்கள். பெட்டியில் ஒட்டிய ஸ்டிக்கரைவிட இந்த நான்கு வரிகள் அதிகம் சொல்லும். இது ஏஎம்டி கார்டுக்கு வராது. அதற்கு டாஸ்க் மேனேஜரில் பெர்ஃபாமன்ஸ் பக்கத்துக்குப் போய் ஜிபியு (கிராபிக்ஸ் சிப்) மேல் கிளிக் செய்தால் டெடிகேட்டட், ஷேர்டு இரண்டும் தனித்தனியாகத் தெரியும். பெரும்பாலான லேப்டாப்பில் ஜிபியு 0 என்பது பிராசஸரோடு வரும் கிராபிக்ஸ், ஜிபியு 1 தான் தனி கார்டு. 0-வைப் பார்த்துவிட்டு "128 எம்பிதான் இருக்குது, ஏமாத்திட்டாங்க" என்று சண்டைக்குப் போக வேண்டாம். இன்டெல் கிராபிக்ஸ் அப்படித்தான் காட்டும்.

கடன் வாங்கிய மெமரி ஏன் உதவாது என்பதற்குத் தட்டுவடை செட் வண்டியைவிட நல்ல உதாரணம் கிடைக்காது. பலகை மேல் தட்டுவடை, சிவப்புச் சட்னி, பச்சைச் சட்னி, துருவிய கேரட், பீட்ரூட் எல்லாம் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கும்வரை செட் சரசரவென்று விழுந்துகொண்டே இருக்கும். பலகையில் இடமில்லாமல் பச்சைச் சட்னியை மட்டும் சந்துக்குள் இருக்கும் வீட்டில் வைத்துவிட்டு, ஒவ்வொரு செட்டுக்கும் ஓடிப்போய் எடுத்துவந்தால்? போடுபவர் எவ்வளவு வேகமான கைக்காரராக இருந்தாலும் வரிசை அப்படியே நிற்கும். பலகைதான் வி-ரேம், அதாவது கார்டின் சொந்த மெமரி. வீட்டுக்குப் போகும் சந்து, கார்டை மதர்போர்டோடு இணைக்கும் பிசிஐஇ பாதை.

எண்ணில் சொன்னால் இன்னும் உறைக்கும். என்விடியாவின் ஆர்டிஎக்ஸ் 4060 லேப்டாப் கார்டு தன் சொந்த மெமரியிலிருந்து வினாடிக்கு 256 ஜிபி வரை எடுக்கும். அதே கார்டு மதர்போர்டு ரேமுக்குப் போகும் பிசிஐஇ 4.0 எட்டு லேன் பாதையில், ஒரு திசையில் வினாடிக்குச் சுமார் 16 ஜிபிதான் போக முடியும். பதினாறில் ஒரு பங்கு. அந்த ரேமையும் கார்டு மட்டும் பயன்படுத்துவதில்லை, பிராசஸரும் அதிலேதான் வேலை செய்துகொண்டிருக்கிறது. 8 ஜிபி ஒற்றை ரேம் குச்சி மட்டும் போட்ட மெஷினாக இருந்தால் நிலைமை இன்னும் மோசம். டிடிஆர்4-3200 ஒரு குச்சிக்கு வினாடிக்கு 25.6 ஜிபி, இரண்டு போட்டால் 51.2. ரேமும் நிரம்பிவிட்டால் அடுத்து எஸ்எஸ்டியில் இருக்கும் பேஜ் ஃபைல் (ரேமில் இடமில்லாததை விண்டோஸ் போட்டு வைக்கும் கோப்பு). அங்கே போய்ச் சேர்ந்த கேம் விளையாடும் நிலையில் இருக்காது.

இதில் இன்னொரு பக்கமும் உண்டு. பலகை பெரிதாக இருப்பதால் மட்டும் செட் வேகமாக விழாது. கேம் கேட்பது 5 ஜிபி என்றால், 6 ஜிபி கார்டும் 16 ஜிபி கார்டும் மெமரி விஷயத்தில் ஒன்றுதான். வித்தியாசம் சிப்பின் பலத்திலும் வாட்டிலும் வரும். வி-ரேம் என்பது இடம், வேகம் அல்ல. இடம் பற்றாதபோது எல்லாம் கெடும், பற்றிவிட்டால் மிச்சமிருப்பது சும்மா கிடக்கும். "அதிக ஜிபி, அதிக எஃப்பிஎஸ் (வினாடிக்கு வரும் படங்கள்)" என்ற நம்பிக்கையால் வீணாகும் காசு கொஞ்சநஞ்சமல்ல. இதற்குப் பழைய உதாரணம் ஜிஃபோர்ஸ் 940எம்எக்ஸ். இன்றும் செகண்ட் ஹேண்டில் சுற்றுகிறது. டிடிஆர்3 மெமரியோடும் வந்தது, ஜிடிடிஆர்5 மெமரியோடும் வந்தது. இரண்டிலும் சிப்புக்கும் மெமரிக்கும் இடையே 64 பிட் பாதை. டிடிஆர்3 என்றால் வினாடிக்கு 16 ஜிபி, ஜிடிடிஆர்5 என்றால் 40 ஜிபி. 4 ஜிபி டிடிஆர்3 போட்ட மாடலைவிட 2 ஜிபி ஜிடிடிஆர்5 மாடல் கேமில் நன்றாக ஓடும். அந்தச் சிப்பால் 4 ஜிபியை நிரப்பும் அளவுக்கு வேலை செய்ய முடியாது.

சிப்பு எத்தனை, பாதை எவ்வளவு அகலம்

கார்டுகளில் ஏன் 4, 6, 8, 12 என்றே வருகிறது, 7 ஏன் வருவதில்லை என்று கேட்பவர்கள் உண்டு. மெமரி சிப் ஒவ்வொன்றும் 32 பிட் பாதை கேட்கும். ஜிடிடிஆர்6 சிப் ஒன்று 1 ஜிபி அல்லது 2 ஜிபி கொள்ளளவில் வரும். 128 பிட் கார்டில் நான்கு சிப். தலா 1 ஜிபி என்றால் 4, தலா 2 என்றால் 8. 96 பிட் என்றால் மூன்று சிப், 6 ஜிபி. 192 பிட் என்றால் ஆறு சிப், 6 அல்லது 12 ஜிபி. ஆர்டிஎக்ஸ் 5090 லேப்டாப்பில் 24 ஜிபி வந்தது எப்படி? அங்கே 256 பிட், எட்டு சிப், தலா 3 ஜிபி, ஜிடிடிஆர்7.

இந்தக் கணக்கு தெரிந்தால் ஒரே ஜிபி எண்ணுக்குப் பின்னால் ஒளிந்திருக்கும் வித்தியாசம் பிடிபடும். ஆர்டிஎக்ஸ் 2050, ஆர்டிஎக்ஸ் 3050 இரண்டும் 4 ஜிபி என்று விற்கப்படுகின்றன. இரண்டிலும் 2048 குடா கோர் (சிப்புக்குள் கணக்குப் போடும் அலகுகள்), ஒரே குடும்பத்துச் சிப். ஆனால் 2050-க்கு 64 பிட் பாதை, 3050-க்கு 128 பிட். பலகை ஒரே அளவு, ஒன்றில் இரண்டு கை, மற்றதில் நான்கு கை.

3050-யிலேயே பிறகு 6 ஜிபி வந்தது. அதில் கோர் 2560 ஆகக் கூடியது, பாதை 96 பிட்டாகக் குறைந்தது. பாதை குறைந்ததே என்று பயப்பட வேண்டாம். இன்றைய கேம்களுக்கு 4-லிருந்து 6-க்குப் போவதால் கிடைக்கும் லாபம் அந்த நஷ்டத்தைவிடப் பெரிது. கடையில் 3050 என்று மட்டும் சொன்னால் "நாலா, ஆறா?" என்று கேட்டே ஆக வேண்டும். பெயர் ஒன்றாக இருப்பதால் பில்லிலும் பலர் எழுதுவதில்லை.

6 ஜிபியில் அடிக்கடி வரும் கேள்வி 3060-ஆ, 4050-ஆ என்பது. 3060 லேப்டாப்: 192 பிட், 3840 கோர். 4050 லேப்டாப்: 96 பிட், 2560 கோர். தாளில் பார்த்தால் பழையதுதான் பலசாலி. நடைமுறையில் 4050-இன் கோர்கள் அதிக கிளாக்கில் (வேகத்தில்) ஓடும், எல்2 கேஷ் (சிப்புக்குள்ளேயே இருக்கும் சிறு மெமரி) பெரியது, ஒரே வேலைக்குக் குறைந்த வாட் போதும், ஃபிரேம் ஜெனரேஷன் (இடையிடையே படங்களைத் தானே உருவாக்கிச் சேர்க்கும் வசதி) உண்டு. வாட் நன்றாகக் கொடுத்த மெஷின்களில் இரண்டும் பக்கத்துப் பக்கத்தில்தான் நிற்கும். மெமரி நிரம்பும் இடமும் ஒன்றே. ஆகவே செகண்ட் ஹேண்டில் 3060 விலை கணிசமாகக் குறைந்தால் மட்டும் அதைப் பாருங்கள்.

4060-க்கும் 4070-க்கும் இடையில்தான் பணம் அதிகம் ஏமாறும். லேப்டாப் 4070-இல் 8 ஜிபி, 128 பிட். லேப்டாப் 4060-யிலும் அதே 8 ஜிபி, அதே 128 பிட். கோர் மட்டும் 3072-லிருந்து 4608 ஆகிறது. மெமரி போதும் என்ற இடத்தில் 4070 முன்னால் போகும், மெமரி முட்டும் இடத்தில் இரண்டும் ஒன்றாக முட்டும். டெஸ்க்டாப் 4070-க்கு 12 ஜிபி, 192 பிட் உண்டு. யூடியூபில் அதன் வீடியோவைப் பார்த்துவிட்டு லேப்டாப் வாங்கினால் ஏமாற்றம்தான். 5070-யிலும் இதே கதை: டெஸ்க்டாப்புக்கு 12, முதலில் வந்த லேப்டாப்புக்கு 8. லேப்டாப்பில் 12 ஜிபி வேண்டுமென்றால் 4080 அல்லது 5070 டிஐ-க்குப் போக வேண்டும், 16 ஜிபிக்கு 4090 அல்லது 5080.

புதிதாக வாங்குபவருக்கு ஒரு நல்ல செய்தி, 5050 லேப்டாப்பிலேயே 8 ஜிபி ஜிடிடிஆர்7 வந்துவிட்டது. கோர் 4050-யைப் போலவே 2560தான். ஆனாலும் விலை வித்தியாசம் சின்னதாக இருந்தால் 6 ஜிபி 4050-யைத் தொட வேண்டாம் என்பது என் பக்கம். லேப்டாப்பில் இந்த மெமரி போர்டோடு சால்டர் செய்யப்பட்டது. ரேமைப் போல அப்புறம் குச்சி வாங்கிச் செருக முடியாது. நான்கு வருடப் படிப்புக்கு வாங்குகிற மெஷினில் முதலில் மூச்சுத் திணறுவது இந்த இடம்தான்.

வாட்டை மறக்கக் கூடாது. 4050, 4060, 4070 மூன்றுக்கும் என்விடியா கொடுத்த வரம்பு 35 முதல் 115 வாட். மெல்லிய மெஷினில் 45 வாட்டில் ஓடும் 4070-ஐ, தடித்த மெஷினில் முழு வாட்டில் ஓடும் 4060 முந்திவிடும். அந்த மேக்சிமம் கிராபிக்ஸ் பவர் வரியைப் படம் எடுக்கச் சொன்னது இதற்காகத்தான்.

எந்த கேமுக்கு எவ்வளவு

வேலரன்ட், கவுன்டர் ஸ்ட்ரைக் 2 மாதிரி போட்டி கேம்கள் மட்டும் என்றால் 4 ஜிபி தாராளம். அங்கே பிராசஸரும் இரட்டை ரேமும்தான் எஃப்பிஎஸ் தரும். ஜிடிஏ 5 (2015-இல் பிசிக்கு வந்தது), 1080பி-யில் ஹை செட்டிங்கில் 4 ஜிபிக்குள் அடங்கும். அதன் கிராபிக்ஸ் மெனுவிலேயே மெமரிக் கோடு இருக்கிறது, ஒவ்வொரு செட்டிங்கையும் மாற்றும்போது கூடிக் குறைவதைப் பார்க்கலாம். ரெட் டெட் ரிடெம்ப்ஷன் 2-லும் அப்படி ஒரு கோடு உண்டு. வி-ரேம் என்றால் என்ன என்று கற்றுக்கொள்ள இந்த இரண்டு மெனுக்களும் போதும்.

2023 முதல் வந்த பெரிய கேம்கள் வேறு சாதி. ஹாக்வார்ட்ஸ் லெகசி, லாஸ்ட் ஆஃப் அஸ் முதல் பாகம் இரண்டும் வந்த புதிதில் 1080பி அல்ட்ராவிலேயே 8 ஜிபி கார்டுகளைத் திணறவைத்தன. பிறகு வந்த பேட்ச்கள் ஓரளவு சரிசெய்தன. ஆலன் வேக் 2-க்கு அறிவிக்கப்பட்ட குறைந்தபட்சமே 6 ஜிபி. 2024 டிசம்பரில் வந்த இண்டியானா ஜோன்ஸ் கேமுக்கும் 2025-இன் டூம் டார்க் ஏஜஸுக்கும் குறைந்தபட்சம் 8 ஜிபி கார்டு, ரே டிரேசிங் (ஒளி செல்லும் வழியைக் கணக்கிட்டு வரையும் முறை) வசதியோடு. பிளேஸ்டேஷன் 5-இல் கிராபிக்ஸும் மற்றதும் பங்கிட்டுக்கொள்ள 16 ஜிபி இருப்பதால், அதை மனத்தில் வைத்துச் செய்யப்படும் கேம்கள் இனி 4 ஜிபிக்கு இறங்கி வரப்போவதில்லை.

திரையையும் கணக்கில் சேருங்கள். 1920×1080 என்றால் சுமார் 20.7 லட்சம் பிக்சல். இப்போது பரவலாக வரும் 2560×1600 திரையில் 41 லட்சம், ஏறக்குறைய இரட்டை. 6 ஜிபி கார்டோடு அந்தத் திரையைக் கொடுப்பது கல்யாணத்துக்கு வாங்கிய பட்டுப்புடவையைக் கட்டிக்கொண்டு கிணறு இறைப்பது மாதிரி. முடியும், ஆனால் எதற்கு? வாங்கிவிட்டால் டிஎல்எஸ்எஸ் (சின்ன அளவில் வரைந்து பெரிதாக்கிக் காட்டும் என்விடியா வசதி) பேலன்ஸ்டு வைத்து ஓட்டுங்கள்.

காரணம் மெமரியா, வேறு ஏதாவதா

கேம் திக்கினால் உடனே "வி-ரேம் பத்தல" என்று சொல்லிவிடுகிறார்கள். பாதி நேரம் காரணம் அதுவல்ல. எம்எஸ்ஐ ஆஃப்டர்பர்னர் என்ற கண்காணிப்பு மென்பொருளைப் போட்டு, அதோடு வரும் ரிவாட்யூனர் மூலம் திரையோரத்தில் ஐந்து எண்களைக் காட்டவிடுங்கள்: ஜிபியு சதவீதம், ஜிபியு சூடு, ஜிபியு கிளாக், வாட், மெமரி. மெமரியில் இரண்டு வகை வரும். 'மெமரி யூசேஜ்' என்பது மெஷினில் ஓடும் எல்லாம் சேர்த்துப் பிடித்து வைத்தது. 'பிராசஸ்' என்று முடிவது கேம் மட்டும் பிடித்தது. பார்க்க வேண்டியது இரண்டாவது. பிடித்து வைத்ததெல்லாம் தேவைப்படுவதும் அல்ல. இடம் இருந்தால் கேம் அள்ளி வைத்துக்கொள்ளும். 8 ஜிபி கார்டில் 7 காட்டுகிறதென்றால் 6 ஜிபி கார்டில் ஓடாது என்று பொருளில்லை.

மெமரி நிரம்பிய கேமின் அடையாளம் தனி. சராசரி எஃப்பிஎஸ் சுமாராக இருக்கும், ஆனால் தெருமுனை திரும்பினால், புது அறைக்குள் நுழைந்தால் அரை வினாடி உறையும். சுவரும் முகமும் களிமண் பூசியது போல மங்கலாக வந்து, தாமதமாகத் தெளியும், சில கேம்களில் தெளியவே தெளியாது. தொடங்கிய அரை மணி நன்றாக ஓடிவிட்டு அப்புறம் பாதியாகி, கேமை மூடித் திறந்தால் மறுபடி சரியாகும். டாஸ்க் மேனேஜரில் டெடிகேட்டட் கோடு உச்சியில் தட்டையாக நிற்கும், அதே நேரம் ஷேர்டு கோடு 1 ஜிபியைத் தாண்டி ஏறும். ஷேர்டில் சில நூறு எம்பி எப்போதும் இருக்கும், அது நோயல்ல. ஜிபியு சதவீதமும் வாட்டும் சேர்ந்து விழுவதைக் கவனியுங்கள். கை சும்மா நிற்கிறது, சட்னிக்குக் காத்துக்கொண்டிருக்கிறது.

சூட்டினால் வரும் தடுமாற்றத்தில் மெமரி நிரம்பியிருக்காது. சூடு 87 டிகிரி வாக்கில் போய் நின்று, கிளாக் படிப்படியாக இறங்கும், ஜிபியு சதவீதம் மட்டும் 95-க்கு மேலேயே நிற்கும். பிராசஸர் அல்லது ஒற்றை ரேம் காரணமென்றால் ஜிபியு 50, 60 சதவீதத்தில் படுத்திருக்கும், மெமரியில் இடம் இருக்கும், சூடும் குறைவு. கிளாக் திடீரென்று அதலபாதாளத்துக்கு விழுந்து அங்கேயே கிடந்தால் சார்ஜரைப் பாருங்கள். கழன்றிருக்கும், அல்லது 65 வாட் டைப்-சி சார்ஜரில் ஓடிக்கொண்டிருக்கும்.

மெமரிதான் என்று உறுதியானால் முதலில் கை வைக்க வேண்டியது டெக்ஸ்சர் (பொருள்களின் மேல் ஒட்டப்படும் படம்) குவாலிட்டி. 4096×4096 அளவு டெக்ஸ்சர் ஒன்று, பிசி7 முறையில் சுருக்கிய பிறகும் 16 எம்பி. அதன் சின்னப் பிரதிகளான மிப்மேப்களோடு சேர்த்து 21 எம்பிக்கு மேல். அதையே 2048 ஆக்கினால் 4 எம்பி, மிப்மேப்போடு ஐந்தரைக்குள். ஒரு படி இறக்கினால் கால் பங்கு. ஒரு சுவருக்கு நிறம், மேடுபள்ளம், பளபளப்பு என்று மூன்று நான்கு டெக்ஸ்சர் இருக்கும், ஒரு காட்சியில் நூற்றுக்கணக்கான பொருள்கள் இருக்கும். எங்கே மிச்சம் பிடிக்கலாம் என்பது இதிலேயே தெரியும். டெக்ஸ்சரை இறக்கினால் எஃப்பிஎஸ் சராசரி கூடாது, உறைவது நிற்கும். அதோடு, சாய்வாகத் தெரியும் பரப்புகளைத் தெளிவாக்கும் அனிசோட்ராபிக் ஃபில்டரிங்கை 16 எக்ஸில் வையுங்கள். அது மெமரியைத் தின்னாது. மீடியம் டெக்ஸ்சரும் தரையில் தெளிவாகத் தெரியும்.

அடுத்தது ரே டிரேசிங். காட்சியின் வடிவத்தை முழுவதும் ஒரு தனி அமைப்பாக மெமரியில் வைத்துக்கொள்ளும், பெரிய கேம்களில் அதற்கே 1 ஜிபி வரை போகும். 6 ஜிபி கார்டில் அணைத்துவிடுங்கள். ஃபிரேம் ஜெனரேஷனும் சொந்தமாக இடம் பிடிக்கும். ஏற்கெனவே நிரம்பிய கார்டில் அதைப் போட்டால் எஃப்பிஎஸ் எண் கூடுவதற்குப் பதில் குறையும், "டிஎல்எஸ்எஸ் வேலை செய்யல" என்று புலம்புவதில் பாதி இதுதான். டிஎல்எஸ்எஸின் சூப்பர் ரெசல்யூஷன் பகுதி வேறு. அது உள்ளே வரையும் அளவைக் குறைப்பதால் மெமரியில் கொஞ்சம் மிச்சம் பிடிக்கும். இரண்டுக்கும் மெனுவில் தனித்தனி பொத்தான் உண்டு. டெக்ஸ்சர் மாற்றிய பிறகு கேமை மூடித் திறங்கள், பல கேம்கள் பழையதை முழுவதும் விடுவதில்லை.

4, 6 ஜிபி காரர்களுக்கு இன்னொன்று. மக்ஸ் ஸ்விட்ச் (திரையை எந்த கிராபிக்ஸ் ஓட்ட வேண்டும் என்று மாற்றும் வசதி) உள்ள மெஷினில் 'தனி கார்டு மட்டும்' என்று வைத்தால் எஃப்பிஎஸ் கொஞ்சம் கூடும். ஆனால் டெஸ்க்டாப், பிரவுசர், டிஸ்கார்ட் எல்லாம் அதே கார்டின் மெமரியில் ஏறி உட்காரும், சில நூறு எம்பி போய்விடும். ஹைபிரிட்டில் வைத்தால் அந்தச் சுமை பிராசஸர் கிராபிக்ஸுக்குப் போகும். மெமரி விளிம்பில் ஓடும் கேமுக்கு ஹைபிரிட்டே நல்லது. 8 ஜிபி இருந்தால் மக்ஸ் பக்கம் போங்கள்.

இணையத்தில் சுற்றும் ரெஜிஸ்ட்ரி (விண்டோஸின் உள் அமைப்புப் பதிவேடு) வித்தை ஒன்றையும் சொல்லிவிட வேண்டும். இன்டெல், ஜிஎம்எம், டெடிகேட்டட் செக்மென்ட் சைஸ் என்று ஒரு எண்ணை எழுதச் சொல்வார்கள். அது இன்டெல் கிராபிக்ஸ் வெளியில் சொல்லும் எண்ணை மாற்றும், அவ்வளவுதான். "மெமரி போதாது" என்று திறக்க மறுக்கும் பழைய கேம் சில ஏமாந்து திறக்கும், மெமரி ஒரு பைட்டும் கூடாது. ஏஎம்டி பிராசஸர் மெஷின்களில் பயாஸில் யுஎம்ஏ ஃபிரேம் பஃபர் என்று இருப்பது உண்மையான ஒதுக்கீடு. ஆனால் அது ரேமிலிருந்து வெட்டி எடுப்பது. 8 ஜிபி ரேமில் 4-ஐ அதற்குக் கொடுத்தால் விண்டோஸ் 4-இல் தவிக்கும். தனி கார்டு இல்லாதவர்கள் செய்ய வேண்டிய முதல் வேலை இரண்டாவது ரேம் குச்சி. இன்டெல் ஐரிஸ் எக்ஸ்இ இருக்க வேண்டிய மெஷினில் 'யுஎச்டி கிராபிக்ஸ்' என்று காட்டினால், ஒற்றைக் குச்சியில் ஓடுகிறது என்று அர்த்தம்.

சேலத்து வெயிலும் தறித் தூசியும்

மெமரி சிப்புகள் ஜிபியுவைச் சுற்றி, அதே ஹீட்சிங்கின் கீழ், தெர்மல் பேடோடு உட்கார்ந்திருக்கும். 8 ஜிபி என்பதால் 4-ஐவிடப் பெரிதாகச் சூடாகிவிடாது. ஆனால் சித்திரையில் சேலம் 40 டிகிரியைத் தொடும் நாள்களில், மொட்டைமாடிக்குக் கீழ் அறையில் ஃபேன் தள்ளுவது சூடான காற்றைத்தான். அறை எத்தனை டிகிரி கூடுகிறதோ ஏறக்குறைய அத்தனை டிகிரி கார்டும் கூடும். லேப்டாப்பின் பின்பக்கத்தை ஓர் அங்குலம் தூக்கி வையுங்கள், மெத்தைமேல் வைக்க வேண்டாம்.

அம்மாபேட்டை, கொண்டலாம்பட்டி பக்கம் தறி ஓடும் வீடுகளில் இன்னொரு சிக்கல். பஞ்சுத் தூசி ஃபேனில் நிற்காது, ஃபேனைத் தாண்டிப் பின்னால் இருக்கும் செம்புத் தகடுகளின் வாயில் மெத்தை போலப் படியும். ஃபேன் சத்தம் கூடியும் வெளியே வரும் காற்று குறைவாக இருந்தால் இதுதான். அப்படிப்பட்ட வீட்டில் மூன்று மாதத்துக்கு ஒருமுறை அடிமூடியைக் கழற்றிச் சுத்தம் செய்யுங்கள். புளோயர் அடிக்கும்போது ஃபேன் இறக்கையைக் குச்சியால் பிடித்துக்கொள்ளுங்கள், கண்டபடி சுழன்றால் பேரிங் கெடும்.

ஏற்காட்டில் இருப்பவர்களுக்குச் சூட்டுக் கவலை குறைவு. 1500 மீட்டர் உயரத்தில் காற்று சேலத்தைவிடப் பத்து சதவீதத்துக்கு மேல் அடர்த்தி குறைவு, அதே ஃபேன் சுற்றினாலும் சுமக்கும் சூடு குறையும். ஆனால் அறை பல டிகிரி குளிர்ச்சி, அதனால் கணக்கு லாபத்திலேயே முடியும். அங்கே பயப்பட வேண்டியது ஈரத்துக்கு. பனி நாளில் குளிர்ந்து கிடந்த மெஷினைப் பையில் போட்டு இருபது கொண்டை ஊசி வளைவும் இறங்கி வந்து, சேலத்துப் புழுக்கத்தில் வெளியே எடுத்த கையோடு ஆன் செய்யாதீர்கள். பையிலேயே அரை மணி விட்டு எடுத்தால் உள்ளே நீர் பூக்காது.

செகண்ட் ஹேண்ட் 3060, 3070 பார்ப்பவர்களுக்குக் கடைசியாக ஒன்று. 2021, 22-இல் எத்தீரியம் மைனிங்குக்கு (கிரிப்டோ நாணயம் எடுக்க) லேப்டாப்களையும் ஓட்டினார்கள். அந்த வேலை மெமரியைத்தான் இரவு பகலாக வறுக்கும். கொடுப்பவரிடம் "அண்ணா, அரை மணி ஓட்டிப் பாத்துட்டு எடுத்துக்கறேங்க" என்று சொல்லுங்கள். நல்ல மெஷின் வைத்திருப்பவர் மறுக்க மாட்டார். ஓசிசிடி என்ற சோதனை மென்பொருளில் வி-ரேம் டெஸ்ட் என்று தனியாக உண்டு, சார்ஜர் மாட்டிய நிலையில் அதை ஓடவிடுங்கள். பிழை எண்ணிக்கை பூஜ்யத்திலேயே இருக்க வேண்டும். ஒன்று வந்தாலும் வேண்டாம். பிறகு ஒரு கேமைப் போட்டு, நிழலும் வானமும் தெரியும் இடத்தில் நிற்கவையுங்கள். சதுரம் சதுரமாக நிறம் தெறித்தாலோ, மின்மினி போலப் புள்ளிகள் ஓடினாலோ சிப் போய்க்கொண்டிருக்கிறது. ரீபால் (சிப்பைக் கழற்றி மறுபடி சால்டர் வைப்பது) செய்து தருகிறேன் என்பார்கள். அந்தச் செலவையும் விலையோடு கூட்டிப் பார்த்தால் புது 5050-இன் விலைக்குப் பக்கத்தில் வந்து நிற்கும்.